ஒன்பது பக்கக் கடிதம் வேண்டாம்: மக்கள் இயக்கத்துக்கு இசைக்கலைஞர்களின் ஆதரவைத் திரட்டப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிறிய மக்கள் இயக்கம் ஒன்றின் கூட்டங்களில் ஐந்தாறு மாதம் தொடர்ந்து உட்கார்ந்தவர்கள் அனைவரும் ஒருமுறையாவது கேட்டிருக்கக்கூடிய வாக்கியம் ஒன்று உண்டு: "அந்தப் பாடகர் மட்டும் நம் பக்கம் வந்துவிட்டால் போதும்." நானும் கேட்டிருக்கிறேன், சொல்லவும் செய்திருக்கிறேன். சொன்ன மறுவாரமே நண்பர்கள் இருவருடன் சேர்ந்து, அப்போது புகழின் உச்சியில் இருந்த ஒரு பாடகரின் மேலாளருக்கு ஒன்பது பக்கக் கடிதம் எழுதினேன். இயக்கத்தின் வரலாறு, கோரிக்கைகள், அதிகாரிகளின் அலட்சியம், நாங்கள் பட்ட பாடு எல்லாம் அதில் விரிவாக இருந்தன. அந்தப் பாடகர் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் ஒன்பதாம் பக்கத்தின் அடியில், "தங்களால் இயன்ற விதத்தில் ஆதரவு தர வேண்டுகிறோம்" என்று ஒரே வரியில் இருந்தது. பதில் வரவில்லை. வந்திருந்தால்தான் வியப்பு.

அந்தக் கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். புகழ்பெற்றவர் என்று நான் குறிப்பிடுவது உலகமறிந்த நட்சத்திரத்தை மட்டுமன்று, நீங்கள் திரட்ட நினைக்கும் மக்களிடம் பெயரைச் சொன்னால் "ஓ, அவரா!" என்று கேட்கவைக்கும் எவரையும்தான்.

முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள்

ஒரு பாடகர் வந்தால் கூட்டம் வரும். வந்த கூட்டம் பாட்டைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும். அந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் இரண்டு மணி நேரத்தில் உங்கள் ஆட்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்பதற்கு விடை இல்லாதவரை, யாருக்கும் கடிதம் எழுதாதீர்கள். பெயர் குறித்துக்கொள்ளப் படிவம் இருக்கிறதா, குறித்த பெயர்களை மறுநாளே அழைத்துப் பேச ஆட்கள் இருக்கிறார்களா, அப்படி அழைக்கப்பட்டவர் வந்து கலந்துகொள்ள அடுத்த வாரமே ஒரு கூட்டம் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் "ஆம்" என்று சொல்ல முடிந்த பிறகே கலைஞரைப் பற்றிய பேச்சு தொடங்க வேண்டும்.

இதைச் சற்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1985 நவம்பரில் பிரிட்டனில் பில்லி பிராக், பால் வெல்லர் முதலியோர் சேர்ந்து, தொழிற்கட்சிக்கு இளைஞர்களின் ஆதரவைத் திரட்ட 'ரெட் வெட்ஜ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அக்காலத்தின் முன்னணிப் பாடகர்கள் பலர் அதில் இருந்தார்கள், அரங்குகள் நிறைந்தன. 1987 தேர்தலில் தொழிற்கட்சி தோற்று, எதிர்த்தரப்பான கன்சர்வேட்டிவ் கட்சியின் மார்கரெட் தாட்சர் மூன்றாம் முறையாக வென்றார். 2004இல் அமெரிக்காவில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ஆர்.இ.எம்., பேர்ல் ஜாம் போன்றோர் போட்டி கடுமையாக இருந்த மாநிலங்களைத் தேர்ந்தெடுத்துச் சுற்றி வந்தார்கள். அவர்கள் ஆதரித்த அதிபர் வேட்பாளர் ஜான் கெர்ரி தோற்றார். இந்த முயற்சிகள் வீண் என்று நான் சொல்லவில்லை. ரெட் வெட்ஜ் குழுவினர் இரவில் கச்சேரி நடத்தியதோடு நில்லாமல், பகலில் அந்தந்த ஊர் இளைஞர்களையும் அரசியல்வாதிகளையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவைத்தது இன்றும் பின்பற்றத் தக்கது. ஆனால் கைதட்டலை வாக்காகவோ உறுப்பினர் எண்ணிக்கையாகவோ மாற்றும் வேலையைப் பாட்டு தானாகச் செய்யாது. அது உங்கள் வேலை.

ஆகவே, உங்களுக்கு இப்போது எது தேவை என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பணமா, ஆட்களா, செய்தித்தாளில் இடமா, வாக்காளர் பதிவா, அல்லது கைது செய்யப்பட்ட தோழர்களின் மீது நாட்டின் கண் விழ வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் அணுக வேண்டிய கலைஞர் வேறு, கேட்க வேண்டிய உதவி வேறு.

யாரைக் கேட்பது

புதியவர்கள் புகழின் வரிசையில் பட்டியல் போடுகிறார்கள். நெருக்கத்தின் வரிசையில் போட வேண்டும். ஒரு தாளில் நான்கு பத்திகள் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் கலைஞரின் பெயர். இரண்டாவதில், உங்கள் பிரச்சினையைத் தொடும் வகையில் அவர் ஏற்கெனவே வெளிப்படையாகச் சொன்னது அல்லது செய்தது. மூன்றாவதில், அவருக்கு அருகில் இருக்கும் யாரை உங்கள் உறுப்பினர்களில் யாருக்குத் தெரியும் என்பது. நான்காவதில், அவருடைய ரசிகர்கள் யார், அவர்களுக்கும் நீங்கள் திரட்ட விரும்புவோருக்கும் எவ்வளவு ஒற்றுமை என்பது. இரண்டாம் பத்தியும் மூன்றாம் பத்தியும் வெறுமையாக இருக்கும் பெயரை, அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், அடித்துவிடுங்கள். மனம் வலிக்கும், ஆனால் மாதங்கள் மிச்சமாகும்.

இரண்டாம் பத்தி எவ்வளவு வலிமையானது என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. 2014 செப்டம்பர் 27 அன்று அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நெலி என்ற சிற்றூருக்கு அருகே, ஒரு சோள வயலில், நீல் யங்கும் வில்லி நெல்சனும் பாடினார்கள். தங்கள் நிலத்தின் வழியாகக் கீஸ்டோன் எக்ஸ்எல் எண்ணெய்க் குழாய் போவதை எதிர்த்த விவசாயிகளும் பழங்குடியினரும் சேர்ந்து நடத்திய போராட்டத்துக்கான நிகழ்ச்சி அது. அவ்வளவு பெரிய கலைஞர்கள் எப்படி அங்கே வந்தார்கள் என்று வியப்பவர்கள், அவ்விருவரும் ஜான் மெலன்கேம்ப்புடன் சேர்ந்து சிறு விவசாயிகளுக்காக 'ஃபார்ம் எய்ட்' என்ற நிகழ்ச்சியை 1985இலேயே தொடங்கியவர்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வருவதற்கான காரணம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அவர்களிடமே இருந்தது.

மூன்றாம் பத்தியை நிரப்பும்போது பாடகரின் நேரடி நண்பரைத்தான் தேட வேண்டும் என்பதில்லை. டிரம்ஸ் வாசிப்பவர், சவுண்ட் இன்ஜினியர், ஒப்பனைக் கலைஞர், பள்ளித் தோழர், இசை கற்பித்த ஆசிரியர் ஆகியோரில் எவராக இருந்தாலும் போதும். எங்களுக்குக் கடைசியில் கதவைத் திறந்தவர், ஒரு குழுவின் பேஸ் கிட்டார் கலைஞருடைய அக்கா. அவர் ஆறு மாதமாக எங்கள் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார். நாங்கள்தான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

பட்டியலில் எஞ்சிய ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு மாலை முழுவதும் செலவழித்துப் பழைய பேட்டிகளையும் பதிவுகளையும் தேடிப் படியுங்கள். நீங்கள் எதிர்க்கும் நிறுவனத்தின் விளம்பரத் தூதராக அவர் இருந்தால், அது மேடையேறிய மறுநாள் உங்கள் எதிர்த்தரப்பின் வாயிலிருந்து உங்களுக்குத் தெரியவரக் கூடாது.

கலைஞர் இல்லாமலே தொடங்கலாம்

யாரையும் தெரியாதே என்று தயங்குவோருக்கு 1976ஆம் ஆண்டின் ஒரு கதை உதவும். அந்த ஆகஸ்டில் பர்மிங்காம் நகரில் நடந்த கச்சேரியில் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் குடிபோதையில் குடியேறியோருக்கு எதிராகப் பேசினார். அதைப் படித்துக் கொதித்த ரெட் சாண்டர்ஸ் என்ற புகைப்படக் கலைஞரும் அவருடைய நண்பர்களும் இசைப் பத்திரிகைகளுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். கறுப்பின இசையால் வாழ்ந்தவரே இப்படிப் பேசலாமா என்று கேட்டுவிட்டு, இனவெறிக்கு எதிராக ஓர் இயக்கம் வேண்டும் என்று நினைப்பவர்கள் எழுதலாம் என்று ஒரு முகவரியையும் தந்தார்கள். கடிதங்கள் குவிந்தன. 'ராக் அகெயின்ஸ்ட் ரேசிசம்' அப்படித்தான் பிறந்தது. எழுதியவர்கள் தத்தம் ஊர்களில் தாங்களே சிறு கச்சேரிகளை நடத்தினார்கள். கறுப்பினக் குழுவையும் வெள்ளையினக் குழுவையும் ஒரே மேடையில் ஏற்றி, முடிவில் இரு குழுவினரையும் சேர்ந்து வாசிக்கவைப்பது அவர்களின் வழக்கமாயிற்று. 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை பேரணியாகச் சென்றவர்களுக்கு அங்கே தி கிளாஷ், ஸ்டீல் பல்ஸ், டாம் ராபின்சன் குழு ஆகியோர் வாசித்தார்கள். பெரிய பெயர்கள் வந்தது சிறிய மேடைகள் பல நடந்த பிறகுதான் என்பதைக் கவனியுங்கள். அறிமுகக் குழுக்கள் நான்கை வைத்து நான்கு சிறு நிகழ்ச்சிகளை ஒழுங்காக நடத்திக் காட்டியவர்களுக்கு, ஐந்தாவது நிகழ்ச்சிக்குப் பெரிய கலைஞரிடம் பேசும்போது குரலே வேறாக இருக்கும்.

எதைக் கேட்பது

கேட்கக்கூடியவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் ஏறத்தாழ இப்படி வரும்: கச்சேரி அரங்கின் வாசலில் உங்கள் தொண்டர்கள் மேசை போட அனுமதி, சமூக ஊடகத்தில் ஒரு பதிவு, பாட்டுகளுக்கிடையே இரண்டு வாக்கியம், டிக்கெட் ஒன்றுக்கு ஒரு சிறு தொகை, உங்கள் கூட்டத்தில் இரண்டு பாட்டு, நிதி திரட்டும் முழுக் கச்சேரி, எல்லாவற்றுக்கும் மேலாக இயக்கத்தின் குழுவிலேயே ஓர் உறுப்பினராக உட்காருவது. கூட்டறிக்கையில் கையொப்பம் கேட்பதை இந்த வரிசையில் எங்கே வைப்பது என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். ஒரு நொடி வேலை என்பதால் அது சிறியது என்று நமக்குத் தோன்றும். கலைஞருக்கோ அது இணையத்தில் என்றைக்கும் அழியாமல் நிற்கப்போகும் பெயர். வாசலில் போட்ட மேசை அன்றிரவே மடக்கப்பட்டுவிடும். முதல் முறையாகப் பேசும் ஒருவரிடம் நான் எப்போதும் மேசையைத்தான் கேட்பேன்.

மேசையை எளிதாக எடைபோட வேண்டாம். அமெரிக்காவில் 2004இல் ஆண்டி பெர்ன்ஸ்டைனும் டிஸ்கோ பிஸ்கட்ஸ் குழுவின் மார்க் பிரௌன்ஸ்டைனும் தொடங்கிய 'ஹெட்கவுண்ட்' அமைப்பு, கச்சேரிகளுக்கு வருபவர்களை அங்கேயே வாக்காளர்களாகப் பதிவு செய்யும் வேலையைத்தான் முதன்மையாகச் செய்துவருகிறது. கலைஞர் தருவது இடமும் நல்ல பெயரும். மற்றதெல்லாம் தொண்டர்களின் பேனாவும் பொறுமையும்.

ஒரு பதிவைக் கேட்பதானால், அந்தப் பதிவைப் படிப்பவர் உடனே செய்யக்கூடிய ஒரே ஒரு செயல் அதில் இருக்க வேண்டும். 2018 அக்டோபர் 7 அன்று டெய்லர் ஸ்விஃப்ட் இன்ஸ்டகிராமில் டென்னஸி மாநிலத் தேர்தலைப் பற்றி எழுதியபோது, வாக்காளராகப் பதிவு செய்வதற்கான கடைசி நாள் அக்டோபர் 9 என்பதையும் எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அடுத்த 24 மணி நேரத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ 65,000 பேர் பதிவு செய்ததாக வோட்.ஆர்க் தளம் அறிவித்தது. அதே பதிவில் அவர் ஆதரித்த செனட் வேட்பாளர் பில் பிரெடசன் தோற்றுவிட்டார். நெருங்கும் கடைசி நாளும் ஒரே இணைப்பும் மனிதர்களை நகர்த்தும். நட்சத்திரத்தின் விருப்பம் அவ்வளவாக நகர்த்தாது என்றே இதை நான் படிக்கிறேன்.

எந்த வழியாகப் போவது

பெரிய கலைஞர்களைச் சுற்றி மூன்று பேராவது இருப்பார்கள். நிகழ்ச்சிகளுக்குத் தேதி கொடுக்கும் ஏஜென்ட், கலைஞரின் ஊதியத்தில் ஒரு பங்கைக் கமிஷனாகப் பெறுபவர். ஊதியம் இல்லாத நிகழ்ச்சியில் அவருக்கு ஆர்வம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆகவே அவரிடம் தொடங்காதீர்கள். மக்கள் தொடர்பாளரின் அக்கறை பத்திரிகையில் என்ன வரும் என்பது. மேலாளர்தான் கலைஞரின் நேரத்தையும் பெயரையும் காப்பவர். முறையான கடிதம் அவருக்கே போக வேண்டும். ஆனால் கடிதம் போய்ச் சேருவதற்கு முன்பே, கலைஞர் நம்பும் ஒருவர் வாய்வழியாக "இப்படி ஒரு கடிதம் வரும், படித்துப் பார்" என்று சொல்லியிருக்க வேண்டும். மேலாளரைத் தாண்டிப் போகாதீர்கள். மேலாளரை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள்.

ஒரு கலைஞரை அழைக்க மிகச் சிறந்த ஆள் இன்னொரு கலைஞர். 1979இல் அமெரிக்காவில் அணுமின் நிலையங்களுக்கு எதிராக ஜாக்சன் பிரவுன், போனி ரைட், கிரஹாம் நாஷ், ஜான் ஹால் ஆகியோர் தங்களுக்குள்ளேயே ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டு, அந்தச் செப்டம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குயர் கார்டனில் தொடர் கச்சேரிகளை நடத்தினார்கள்; தொலைபேசியை எடுத்துச் சக கலைஞர்களை அழைத்தவர்கள் அவர்களேதான். ஆகவே உங்களுக்கு முதலில் கிடைக்கும் கலைஞரிடம், அவரால் முடிந்த உதவியைப் பெற்றுக்கொண்ட பிறகு, "உங்களுக்குத் தெரிந்தவர்களில் வேறு யாரிடம் பேசலாம்?" என்று கேட்க மறக்காதீர்கள்.

கடிதம்

ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. என்னுடைய ஒன்பது பக்கத்துக்குப் பதிலாக, பிற்பாடு நாங்கள் அனுப்பிய கடிதத்தின் வடிவத்தை, பெயர்களை நீக்கிவிட்டு, அப்படியே தருகிறேன்:

"வணக்கம். நாங்கள் எங்கள் பகுதியின் குடிநீர் ஆதாரத்தைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து ஓராண்டாக இயங்கிவரும் மக்கள் குழு. சென்ற மாதப் பேட்டியில் நீங்கள் வளர்ந்த ஊரின் குளம் தூர்ந்துபோனதைப் பற்றிச் சொன்னதைப் படித்தபோது, உங்களிடம் இதைக் கேட்கலாம் என்று தோன்றியது. அடுத்த மாதம் எங்கள் நகரில் நடக்கவிருக்கும் உங்கள் கச்சேரியின் வாசலில், எங்கள் தொண்டர்கள் நால்வர் ஒரு மேசை போட்டு மனுவுக்குக் கையொப்பம் வாங்க அனுமதி வேண்டும். மேசை, படிவம், ஆட்கள் எல்லாம் எங்கள் பொறுப்பு. உங்கள் பெயரையோ படத்தையோ எங்கும் பயன்படுத்த மாட்டோம். நீங்கள் மேடையில் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வரும் பதினைந்தாம் தேதிக்குள் ஒரு வரி பதில் கிடைத்தால் ஏற்பாடு செய்ய வசதியாக இருக்கும். முடியாது என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள்."

இதில் கவனிக்க வேண்டியவை: அவரிடம் ஏன் கேட்கிறோம் என்பதற்கு அவருடைய வாயிலிருந்து வந்த ஒரு காரணம், ஒரே கோரிக்கை, நாங்கள் கேட்காதவை எவை என்ற உறுதி, பதிலுக்கு ஒரு நாள். கடைசி வாக்கியம் வெறும் மரியாதைக்காக எழுதியதன்று. எளிதாக மறுக்க இடம் கொடுக்கும் கடிதத்துக்குத்தான் பதில் வருகிறது என்பது என் அனுபவம். பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ரசிகர்களைத் தூண்டிவிட்டு அவருடைய பக்கத்தில் கேள்விகளைக் குவிப்பது, அந்தக் கதவோடு பக்கத்துக் கதவுகளையும் சாத்திவிடும்.

முதல் சந்திப்பு

1956இல் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங், அதுவரை தாம் சந்தித்திராத பாடகர் ஹாரி பெலஃபான்டேவைத் தாமே தொலைபேசியில் அழைத்தார். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் இருவரும் பல மணி நேரம் தனியே பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து தொடங்கிய உறவு கிங் கொல்லப்படும் வரை நீடித்தது. பெலஃபான்டே பாடியதைவிட, பிணைத்தொகை திரட்டியதும், கூட்டங்களுக்குத் தம் வீட்டைத் திறந்துவிட்டதும், மற்ற கலைஞர்களை அழைத்து வந்ததும்தான் அதிகம். 1964இல் மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வுட்டில் வாக்குரிமைப் பணியாளர்கள் பணமின்றித் தவித்தபோது, ஏறத்தாழ 70,000 டாலர் ரொக்கத்தோடு நடிகர் சிட்னி பாய்ட்டியேவையும் கூட்டிக்கொண்டு அவரே இரவில் நேரில் போனார். தம்மை ஒரு விளம்பரப் பலகையாகக் கருதி அழைத்தவர்களுக்காக எவரும் அந்த இரவுப் பயணத்தை மேற்கொள்ளமாட்டார்.

ஆகவே முதல் சந்திப்புக்கு இரண்டு பேர் மட்டும் போங்கள். ஒருவர் பிரச்சினையால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவராக இருக்கட்டும். அவர் பேச்சாளராக இருக்க வேண்டியதில்லை. செல்ஃபி எடுக்காதீர்கள். கலைஞர் கேட்கும் கேள்விகளில் மிகக் கடினமானது "உங்களை எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்பதுதான். எங்களை முதன்முதலில் வரச்சொன்ன பாடகி, தேநீர் வருவதற்கு முன்பே அதைக் கேட்டுவிட்டார். எங்களில் ஒருவர் "அவர்கள் எல்லாம் விலைபோனவர்கள்" என்று சொல்ல, அவர் முகத்தில் இருந்த ஆர்வம் வடிந்ததை நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களே ஏற்றுக்கொள்ளும் வகையில் எடுத்துச் சொல்லிவிட்டு, பிறகு அதற்கு மறுமொழி சொல்லப் பழகிக்கொண்டு போங்கள். நாளை ஒரு செய்தியாளர் மைக்கை நீட்டி அந்தப் பாடகியிடம் இதையேதான் கேட்பார்.

பேச விரும்பாத கலைஞரை வற்புறுத்தாதீர்கள். பாட வருவார், கருத்துச் சொல்லமாட்டார் என்றால் அதுவும் ஆதரவே.

ஆபத்தை நீங்களே முதலில் சொல்லுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகும் ஆசை எல்லோருக்கும் வரும். கலைஞர் பயந்துவிடுவாரோ என்ற அச்சம்தான் காரணம். 2003 மார்ச்சில் லண்டன் மேடையில் டிக்ஸி சிக்ஸ் என்ற அமெரிக்கக் கன்ட்ரி இசைக் குழுவின் நேட்டலி மெயின்ஸ், ஈராக் போரை முன்னிட்டுத் தங்கள் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த அதிபர் ஜார்ஜ் புஷ்ஷைப் பற்றி வெட்கப்படுவதாகச் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக, அமெரிக்காவின் கன்ட்ரி இசை வானொலி நிலையங்கள் அவர்களின் பாடல்களை நிறுத்தின, கொலைமிரட்டல் வந்தது. அது கருத்துரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு உள்ள நாடு. ஈரானில் 2022ஆம் ஆண்டுப் போராட்டங்களை ஆதரித்த ராப் கலைஞர் தூமாஜ் சலேஹி கைது செய்யப்பட்டு, 2024 ஏப்ரலில் மரண தண்டனை விதிக்கப்பட்டார். பின்னர் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உங்கள் நாடு இவ்விரண்டுக்கும் இடையில் எங்கே இருக்கிறது என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

விளம்பர ஒப்பந்தம் போகலாம், விசா மறுக்கப்படலாம், குடும்பத்தினரைத் திட்டிக் கடிதம் வரலாம் என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசுங்கள். கலைஞர் தாக்கப்பட்டால் இயக்கம் என்ன செய்யும் என்பதை அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்: யார் அறிக்கை விடுவது, எவ்வளவு நேரத்துக்குள், சட்ட உதவிக்கு யாரை அழைப்பது. கலைஞரின் பெயரில் வெளியாகும் ஒவ்வொரு சொல்லையும் அவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வெளியிடுவோம் என்ற உறுதியையும் அதில் சேர்க்க வேண்டும். இப்படி எழுதிய தாளைப் பார்த்து விலகிப்போனவர்கள் உண்டு. அவர்கள் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் விலகாமல் இப்போதே விலகியதற்கு நன்றி சொல்லுங்கள்.

சட்டமும் ஒப்பந்தமும்

இங்கே ஒரு வழக்கறிஞரின் அரை மணி நேரம் உங்களுக்குத் தேவை. இயக்கம் தேர்தலிலிருந்து விலகி நிற்கிறதா, வேட்பாளர் எவரையாவது ஆதரிக்கிறதா என்பதைப் பொறுத்து விதிகள் முற்றிலும் மாறும். பிரேசிலில் பிரச்சாரக் கூட்டங்களில் கலைஞர்களைப் பாடவைப்பதையே 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. 2021இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உறுதிசெய்ததோடு, நிதி திரட்டும் நிகழ்ச்சிகளில் மட்டும் பாடலாம் என்றது. அமெரிக்கக் கூட்டாட்சித் தேர்தல் சட்டத்திலோ, ஊதியம் பெறாமல் தனிமனிதர் தாமாகத் தரும் உழைப்பு நன்கொடையாகக் கணக்கிடப்படுவதில்லை. ஆனால் அதே நிகழ்ச்சிக்கு ஒரு நிறுவனம் இலவசமாகத் தரும் அரங்கும் ஒலிபெருக்கியும் வேறு கணக்கு. பதிவு பெற்ற அறக்கட்டளையின் பெயரில் நிகழ்ச்சி நடத்தினால் வேட்பாளர் பெயரை உச்சரிப்பதே சிக்கலாகும் நாடுகள் உண்டு.

கலைஞரின் பக்கத்தில் உள்ள ஒப்பந்தங்களையும் கேட்டறியுங்கள். பணம் கொடுத்து அழைத்த ஒரு நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட நாட்களுக்கு, குறிப்பிட்ட தொலைவுக்குள் வேறு மேடை ஏறக் கூடாது என்ற விதி பலருடைய ஒப்பந்தத்தில் இருக்கும். அதை மீறிவிட்டு அவர் வருவார் என்று நம்பி அரங்குக்கு முன்பணம் கட்டாதீர்கள். பதிவு செய்த பாடலை உங்கள் காணொளியில் சேர்ப்பதற்கு, பாடியவர் சம்மதித்தால் மட்டும் போதாது. எழுதியவர், இசையமைத்தவர், ஒலிப்பதிவின் உரிமையாளர் எல்லோரும் வேறு வேறாக இருக்கக்கூடும். 2008இல் ஜாக்சன் பிரவுனின் பாடல் ஒன்று, அனுமதியின்றி, அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்னை ஆதரிக்கும் விளம்பரத்தில் சேர்க்கப்பட்டது; அவர் வழக்குத் தொடர்ந்தார், மறு ஆண்டு மன்னிப்போடும் இழப்பீட்டோடும் அது முடிந்தது.

இலவசமாக வருகிறார் என்றாலும் செலவு இல்லை என்று பொருளன்று. பாடகர் ஊதியம் வேண்டாம் என்று சொல்லலாம். வாத்தியக்காரர்களும் ஒலி, ஒளிக் கலைஞர்களும் அன்றாட வருமானத்தில் வாழ்பவர்கள். அவர்களுக்கான தொகையை முதலில் எடுத்து வையுங்கள்.

நிகழ்ச்சி நாள்

மேடை எளிமையாக இருக்கலாம். ஒலி மோசமாக இருக்கக் கூடாது. 1965 மார்ச் 24 இரவு, கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக அலபாமா மாநிலத்தின் செல்மாவிலிருந்து நடந்து வந்தவர்களுக்காக மாண்ட்கமரி நகரின் எல்லையில் பெலஃபான்டே ஏற்பாடு செய்த நிகழ்ச்சியில், சவப்பெட்டி வைக்கும் மரப்பெட்டிகளை அடுக்கி, அவற்றின் மேல் போட்ட மேடையில் நீனா சிமோனும் டோனி பென்னட்டும் சாமி டேவிஸும் பாடினார்கள். மேடைக்குச் செலவழிக்க நினைத்த பணத்தை மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் மாற்று ஜெனரேட்டருக்கும் செலவழியுங்கள். சவுண்ட் செக்குக்கு நேரம் ஒதுக்கி, அந்த நேரத்தில் எந்தத் தலைவரும் மேடையேறி "ஹலோ, ஹலோ" சொல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சி நிரலில் புதியவர்கள் செய்யும் தவறு, புகழ்பெற்றவரைக் கடைசியில் வைத்து, அவருக்கு முன்னால் ஏழு பேச்சுகளை அடுக்குவது. பாட்டு, மூன்று நிமிடப் பேச்சு, பாட்டு என்று மாற்றி மாற்றி வையுங்கள். பேசுபவர் பாதிக்கப்பட்டவராக இருக்கட்டும். உறுப்பினராகச் சேரச் சொல்லும் வேண்டுகோள், கலைஞரின் கடைசிப் பாட்டுக்கு முந்தைய இடைவெளியில் வர வேண்டும். கடைசிப் பாட்டு முடிந்தபின் கேட்டால் முதுகுகளிடம் பேசுவீர்கள். அந்த வேண்டுகோளைக் கலைஞரே சொல்ல ஒப்புக்கொண்டால், உள்ளங்கையில் அடங்கும் அட்டையில் இரண்டே வாக்கியங்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். மேடை விளக்கு கண்ணைக் கூசவைக்கும்போது சிறிய எழுத்தைப் படிக்க முடியாது. படிவத்தில் பெயர், தொலைபேசி எண், பகுதி, அவ்வளவுதான். தொழில், கல்வி, வயது எல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். தொண்டர்கள் வாசலில் காத்திருக்காமல் கூட்டத்துக்குள் போக வேண்டும். பேனாவைக் கயிற்றில் கட்டிவையுங்கள்.

அதன் பிறகு

இரண்டு நாட்களுக்குள் குறித்த பெயர்கள் அனைத்தையும் அழையுங்கள். ஒரு வாரத்துக்குள் கலைஞருக்கு எழுதுங்கள்: எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அடுத்த கூட்டத்துக்கு வந்தார்கள், திரண்ட பணம் எவ்வளவு, எதற்குச் செலவாயிற்று. எண்ணிக்கை குறைவாக இருந்தால் குறைவாகவே எழுதுங்கள். கச்சேரி முடிந்ததும் காணாமல்போகும் அமைப்புகளைக் கலைஞர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். கணக்குக் கொடுப்பவர்களை அவர்கள் மறப்பதில்லை. வாத்தியக்காரர்களுக்கும் ஓட்டுநருக்கும் தனித்தனியே நன்றி சொல்லுங்கள்.

அவர்களில் யாராவது ஒருவர் அழைக்காமலே அடுத்த கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தால், அவரை மேடைக்கு இழுக்காதீர்கள். செனகலில் 2011 ஜனவரியில் ஓயாத மின்வெட்டால் சலித்துப்போய் 'யானாமார்' என்ற இயக்கத்தைத் தொடங்கியவர்கள், கேர் குய் குழுவின் ராப் கலைஞர்களும் சில பத்திரிகையாளர்களும். அவர்கள் பாடியதோடு நில்லாமல் கிளைகள் அமைத்தார்கள், இளைஞர்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யவைத்தார்கள், கைதும் ஆனார்கள். மறு ஆண்டுத் தேர்தலில் அதிபர் அப்துலாய் வாட் தோற்றார். பின்வரிசையில் வந்து உட்கார்ந்தவர் அப்படிப்பட்ட ஒருவராக இருக்கக்கூடும். அன்றைய வேலைப் பங்கீட்டில் அவருக்கும் ஒன்றைக் கொடுங்கள். எங்கள் பேஸ் கிட்டார் கலைஞர் கேட்டு வாங்கிக்கொண்டது, கூட்டம் முடிந்தபின் நாற்காலிகளை எண்ணி அடுக்கும் வேலை.